பையைக் கொடுத்தவன் யார் என்று ஒரு தடவை கேளுங்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும் புதுச்சேரி மாவட்ட ஆட்சியருக்கும், இரண்டு பக்கத்துக் காவல்துறை அதிகாரிகளுக்கும், குழந்தைகள் நலக் குழுக்களுக்கும், பள்ளிக் கல்வித் துறைகளுக்கும், அந்தப் பக்கத்துக் கலால் துறைக்கும், இந்தப் பக்கத்து மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கும் வணக்கம்.

பாண்டியிலிருந்து எல்லை தாண்டிச் சரக்குப் பை சுமக்கப் பிள்ளைகளைப் பயன்படுத்துகிறார்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இத்தனை பேரையும் ஒரே கடிதத்தில் ஏன் கூப்பிடுகிறேன் என்றால், தனித்தனியாகப் போனால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரும் மரியாதையாக உட்காரச் சொல்லி, மரியாதையாகக் கேட்டு, மரியாதையாக இன்னொருவர் அறையைக் கை காட்டுவார்கள். அந்த இன்னொருவர் பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், வேறு நிர்வாகத்தில் இருப்பார்.

நான் கடலூர் – புதுச்சேரி தடத்தில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். 17 வருடமாக இதே ரோடு, 22 கிலோமீட்டர் சொச்சம். மஞ்சக்குப்பத்தில் ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே ஜிப்மருக்கா, கோர்ட்டுக்கா, கடைக்கா என்று சொல்லிவிடுவேன். கடைக்குப் போகிறவர் போகும்போது அமைதியாகத்தான் இருப்பார், திரும்பி வரும்போதுதான் எனக்குத் தலைவலி. அதனால் பாண்டி சரக்கு பற்றியோ பைகளைப் பற்றியோ எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தத் தடத்தில் அது புதுக் கதையும் கிடையாது, எங்க அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. இப்போது பையைத் தூக்குகிறவர்களின் வயதுதான் மாறிவிட்டது.

ஒரு மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. பாண்டியிலிருந்து வரும் மதிய டிரிப்பில், பின்படிக்கு முன்னால் இருக்கிற இடதுபக்க ஜன்னல் சீட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், மடியில் ஸ்கூல் பேக். லீவில் என்ன புத்தகம் என்று முதல் நாள் நினைத்தேன், அப்புறம் கூட்டத்தில் மறந்துவிட்டேன். அந்த வாரத்திலேயே நாலாவது தடவை அவனைப் பார்த்த அன்று வண்டியில் நிற்க இடமில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார், அவருக்கு இடம் பண்ணலாம் என்று அந்தப் பையை வாரைப் பிடித்துத் தூக்கினேன். புத்தகப் பையைத் தூக்கினால் உள்ளே இருப்பது சரியும், ஒரு மூலைக்குப் போகும், ஜியாமெட்ரி பாக்ஸ் கடகடக்கும். இது அசையவே இல்லை. அடிப்பக்கம் செங்கல் அடுக்கியது போலத் தட்டையாக இருந்தது. பாட்டிலைத் துண்டில் சுற்றி இறுக்கி அடுக்கினால் சத்தம் வராது, ஆனால் அந்த அடிப்பக்கத்தை மறைக்க முடியாது. பையன் சட்டென்று என் கையைப் பிடித்தான். "வேணாம்ணா, நானே வெச்சுக்கறேன்." மே மாத வெயிலில் அவன் விரல்கள் சில்லென்று இருந்தன.

நான் பையை விட்டுவிட்டேன். அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன், உங்களை மட்டும் குற்றம் சொல்லி எழுதிய கடிதம் என்று யாரும் நினைக்கக் கூடாது. டைமிங் போய்க்கொண்டிருந்தது, பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடிக்கிறான், எனக்கு எதற்கு வம்பு. அவன் சோதனைச் சாவடிக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினான். எந்தச் சாவடி என்று எழுதவில்லை. இறங்கி மெயின் ரோட்டை விட்டுக் கொல்லைப் பக்கமாக நடந்தான், அங்கே ஒரு பைக் நின்றுகொண்டிருந்தது. பைக்கில் இருந்தவனுக்கு முப்பது வயதாவது இருக்கும். அவன் கையில் பை இல்லை, இதைக் கவனியுங்கள். கடைசி வரைக்கும் அவன் கையில் பை இருக்காது.

அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிலுக்குப் பேசிய பெண் நன்றாகவே பேசினார், பொறுமையாகவும் கேட்டார். எந்த ஊர், எந்த மாவட்டம் என்றார். நான் பேச ஆரம்பித்தது கன்னியக்கோவிலில், முள்ளோடை தாண்டும்போது இன்னும் விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பேசி முடிப்பதற்குள் நான் வேறு மாநிலத்தில் இருந்தேன். பையன் இறங்கிவிட்டான். "இப்ப அவன் எந்த லிமிட்ல சார் இருக்கான்?" என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஜூலையில் பையன் பிடிபட்டான். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் மீன் விற்கும் அக்காவின் மகன். நடுவில் ஒன்றரை வருடம் அந்தப் பக்கம் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் என்பதால் எனக்கு முகம் பிடிபடவில்லை. வயது 15. சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறேன், வழக்கில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. மீறி யாராவது கமென்டில் வந்து "இவன் அவன்தானே" என்று எழுதினால் அழித்துவிடுவேன்.

அவன் எப்படி உள்ளே போனான் என்பதை ஜாமீனில் வந்த பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். என்னிடம் நேராகச் சொல்லவில்லை, கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதலில் ஒரு அண்ணன் கிரிக்கெட் ஆடும் இடத்தில் பழக்கம். பிரியாணி வாங்கிக் கொடுத்தான். போனுக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டான். பைக் ஓட்டக் கொடுத்தான், அதுவும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு, அதைவிடப் பெரிய பரிசு உலகத்தில் உண்டா. ஒரு மாதம் எதுவுமே கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள், "தம்பி, இந்தப் பையை மட்டும் அங்க குடுத்துட்டு வா." 300 ரூபாய். அம்மா ஒரு நாள் முழுக்க வெயிலில் கூடையோடு அலைந்தால் சில நாள் அதுகூட மிஞ்சாது. நாலைந்து தடவை போய் வந்தான். ஆறாவது தடவை வழியில் இரண்டு பேர் வழிமறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணன் கோபப்படவில்லையாம், தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டே, "சரி விடு, பதினஞ்சாயிரம் கணக்கு, ஓடி அடைச்சுடு" என்றானாம். அன்றிலிருந்து 300 ரூபாயும் கிடையாது.

பிடுங்கியவர்கள் யார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பையனுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது, அந்த இரண்டு பேரில் ஒருவனை அதே அண்ணனோடு டீக்கடையில் பார்த்தபோது.

கடனை அடைக்கத்தான் அவன் என் வண்டியில் வாரத்துக்கு நாலு தடவை ஏறினான். பாட்டிலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, கடைசி இரண்டு மாதம் அடியில் ஒரு சின்னப் பொட்டலமும் சேர்ந்தது. அது என்ன என்று அவனுக்குத் தெரியும், தெரியாது என்று அவனும் சொல்லவில்லை.

இனி அலுவலகக் கதை. எந்தக் கரை, எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், தேடவும் வேண்டாம். பிடித்தவர்கள் அவனை அடிக்கவில்லை, லாக்கப்பில் வைக்கவில்லை, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்தினார்கள். அந்த மட்டில் சட்டப்படிதான் நடந்தார்கள், நன்றி. அம்மாவுக்கு வக்கீல் வைக்கப் பணமில்லை. 15100க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் குழந்தைகளுக்கு இலவசமாக வக்கீல் கிடைக்கும் என்பதை எங்கள் டிரைவர்தான் சொன்னார். அவர் எங்கே தெரிந்துகொண்டார் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. வந்த வக்கீல் அம்மா பேப்பர்களைப் புரட்டிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நிறுத்தி, பேனாவின் பின்பக்கத்தால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினார்.

சமூகப் பின்னணி அறிக்கை என்று ஒரு படிவம் இருக்கிறது, இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் படிவம் 1. ஒரு குழந்தையைப் பிடித்தால் குடும்பம், படிப்பு, நண்பர்கள், வேலை எல்லாம் விசாரித்து அதில் நிரப்ப வேண்டும். பெரியவர்களோ கும்பலோ இந்தக் குழந்தையைப் பயன்படுத்தியிருக்கிறார்களா, போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று அந்தப் படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு நேராக நீல மையில் எழுதியிருந்தது: இல்லை.

15 வயதுப் பையன், பஸ் காசுக்கே கணக்குப் பார்க்கிற வீடு, பை நிறையச் சரக்கு. கடைக்காரன் இவனுக்குக் கடனுக்கா கொடுத்திருப்பான்? பையைக் கொடுத்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும். படிவத்தை நிரப்பியவரிடம் நானும் அக்காவும் போய்க் கேட்டோம். "பையன் பேர் சொல்லலியேம்மா" என்றார். படிவம் பெயர் கேட்கவில்லை சார், பயன்படுத்தினார்களா என்றுதான் கேட்கிறது. பெயர் சொன்னால் என்ன ஆகும் என்று பையனுக்குத் தெரியும். சொன்ன பிறகு அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது, அதை அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை. கொஞ்சம் பேசிய பிறகு, "அப்படியே இருந்தாலும் குடுத்தவன் அந்தப் பக்கம், நம்ம லிமிட் இல்ல" என்றார்.

சரி என்று அந்தப் பக்கமும் போனோம். என் ஓய்வு நாளில், அக்கா மீன் கூடையை வீட்டில் போட்டுவிட்டு. அங்கே இருந்தவர் சிரித்தார், கிண்டலாக இல்லை, உண்மையிலேயே நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று புரியாமல் சிரித்தார். "இங்க பாட்டில் வாங்கறது குத்தமே இல்லையே. குத்தம் நடந்தது உங்க ஊர்ல."

ஊருக்குத் திரும்பும்போது எங்கள் வண்டியிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன். அக்கா வழி முழுக்கப் பேசவில்லை.

இந்த இரண்டு பதிலையும் அந்த வக்கீல் அம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே இங்கே வைக்கிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் இதை மறந்துவிட்டீர்கள், மீதிப் பாதிப் பேர் மறந்தது போல இருக்கிறீர்கள். ஆற்றைத் தாண்டும்போது மாறுகிற சட்டம் ஒன்றே ஒன்றுதான், மதுவுக்கான சட்டம். தமிழ்நாட்டில் 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் நடக்கிறது, புதுச்சேரியில் அது கிடையாது, அதனால்தான் அங்கே பில் போட்டு வாங்கிய பாட்டில் இங்கே வந்ததும் வழக்காகிறது. ஆனால் குழந்தைகளுக்கான சட்டம் இரண்டு கரையிலும் ஒன்றுதான். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆவது பிரிவு, மதுவையோ போதைப்பொருளையோ விற்க, சுமக்க, கொண்டுபோய்க் கொடுக்க, கடத்த ஒரு குழந்தையைப் பயன்படுத்துகிறவனுக்கு ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் என்கிறது. சுமக்க. அந்த ஒரு சொல் போதும். பாட்டில் சட்டப்படி வாங்கியதா, எல்லை தாண்டியதா என்பதெல்லாம் அப்புறம். பதினெட்டு நிரம்பாத ஒருவன் தோளில் அந்தப் பையை மாட்டிவிட்ட நிமிடமே, மாட்டிவிட்ட இடத்திலேயே, குற்றம் நடந்து முடிந்துவிட்டது. "இங்கே குற்றமே நடக்கவில்லை" என்று சொன்ன அந்த ஐயா இருக்கிற ஊரில்தான் அது நடந்தது.

இது போதாதென்றால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 95ஆவது பிரிவு, குற்றம் செய்யக் குழந்தையை அமர்த்துகிறவனுக்குக் குறைந்தது மூன்று வருடம், பத்து வருடம் வரை போகலாம், அந்தக் குற்றம் நடந்துவிட்டால் அதற்கான தண்டனையும் தனியே உண்டு என்கிறது. கஞ்சா வழக்கென்றால், சிறார்களைப் பயன்படுத்தியது தண்டனையைக் கூட்டுவதற்கு ஒரு காரணம் என்று போதைப்பொருள் சட்டத்திலேயே 32பி பிரிவு இருக்கிறது. லிமிட் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பஸ் கண்டக்டருக்குப் பிரிவு எண் மனப்பாடம் ஆகிற அளவுக்கு ஒரு விஷயம் போயிருக்கிறதென்றால், யாரோ எங்கேயோ வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 8ஆவது பிரிவில், குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிற குழந்தையே பாதுகாப்பு தேவைப்படுகிற குழந்தையாகவும் இருக்க முடியும், அப்படி இருந்தால் நீதிக் குழுமமும் குழந்தைகள் நலக் குழுவும் இரண்டும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது அவன் மேல் வழக்கு நடக்கலாம், அதே நேரத்தில் அவனைக் காப்பாற்றவும் வேண்டும். இந்தப் பையன் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அவனைக் காப்பாற்ற வேண்டிய குழுவுக்கு அவன் பெயர் போகவே இல்லை, நாங்கள் போய்க் கொடுக்கும் வரை.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துகிறது. இவன் ஒன்பதாம் வகுப்பு பாதி வரை இந்தப் பக்கம் படித்தான். அம்மா தங்கை வீட்டுக்குப் போனபோது டி.சி. வாங்கினார்கள். அந்தப் பக்கத்தில் அரசுப் பள்ளிகள் எல்லாம் சி.பி.எஸ்.இ.க்கு மாறிக்கொண்டிருந்த சமயம், புத்தகம் வேறு, பாடம் வேறு, பையன் மிரண்டுவிட்டான், நாளைக்குச் சேர்க்கலாம், அடுத்த மாதம் சேர்க்கலாம் என்று அம்மாவும் விட்டுவிட்டார். இப்போது கணக்குப் பாருங்கள். இங்கே கேட்டால் இடைநிற்றல் இல்லை, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அங்கே கேட்டால் அப்படி ஒரு பையன் வரவே இல்லை, வராதவனை எப்படித் தேடுவது. இரண்டு கம்ப்யூட்டரிலும் குறையே இல்லை. கிரிக்கெட் மைதானத்தில் காலை பதினோரு மணிக்குத் தனியாக நிற்கிற பையனை அந்த அண்ணன் மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டான். டி.சி. கொடுத்த தலைமையாசிரியர் பதினைந்து நாள் கழித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு போன் போட்டு, "பையன் வந்து சேர்ந்தானா சார்" என்று கேட்டிருந்தால் போதும். இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம், ஆனால் அரசாணை இல்லாமல் யாரும் செய்ய மாட்டார்கள் என்பதால் ஒன்று போடுங்கள்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லையாம். இங்கிலாந்தில் பெரிய நகரத்துக் கும்பல்கள் சின்ன ஊர்களுக்குப் போதைப்பொருள் அனுப்ப இதே வயதுப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி விடுகிறார்கள், அதற்குக் 'கவுண்டி லைன்ஸ்' என்று பெயர், ஆர்டர் எடுக்கிற போன் லைனை வைத்து வந்த பெயர். அதே பிரியாணிக் கதைதான், அங்கே ஷூ வாங்கிக் கொடுப்பான். அதே வழிப்பறி நாடகம், அதே கடன். அங்கே 2015இல் வந்த நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி, சுரண்டப்பட்டதன் நேரடி விளைவாகக் குழந்தை செய்த பல குற்றங்களுக்கு அதையே எதிர்வாதமாக வைக்கலாம். 2017இல் இன்னொரு சட்டம் போட்டு, உள்ளாட்சி, காவல்துறை, சுகாதாரத்துறை மூன்றுக்கும் குழந்தைப் பாதுகாப்பில் சமபொறுப்பு என்று ஆக்கினார்கள், அதனால் ஒருவர் இன்னொருவர் அறையைக் கை காட்டிவிட்டு நகர முடியாது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்தார்கள், ஒரு மேசை போட்டார்கள். நம்மிடம் இரண்டும் இல்லை.

மேசை போட முடியாது, இரண்டு அரசாங்கம், நடைமுறைச் சிக்கல் என்பீர்கள். 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் புதுச்சேரிப் பக்கத்துச் சோரியாங்குப்பத்துக்குள்ளும் புகுந்தது, கடலூருக்குள்ளும் புகுந்தது. பெண்ணையாறு எந்தக் கரை யூனியன் பிரதேசம், எந்தக் கரை மாநிலம் என்று பார்த்தா உடைத்துக்கொண்டு போனது? அன்றைக்கு இரண்டு பக்கமும் எச்சரிக்கை போனது, இரண்டு பக்கமும் போனில் பேசிக்கொண்டார்கள், "தண்ணி உங்க லிமிட்ல இருக்கு" என்று யாரும் சொல்லவில்லை. தானே புயலிலும் சுனாமியிலும் இதே கதைதான். வெள்ளத்துக்கு உங்களுக்கு ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் இருக்கிறது. வெயில் காலத்தில் அதே ஆறு வெறும் மணல், பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே தாண்டுகிறார்கள், பையோடு. அதற்கு மட்டும் நம்பர் இல்லை.

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கோடு இது. 1954இல் ஊர் கைமாறியது, 1962இல் காகிதத்திலும் முடிந்தது, ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு ஒரு நிர்வாகத்திலும் கொல்லை இன்னொன்றிலும் இருக்கிற ஆட்கள் இன்னும் உண்டு. பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம், பாகூர் ஏரி நிரம்பினால் எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். கோடு எங்களுக்கு ஒரு தொந்தரவே இல்லை. பையைக் கொடுக்கிறவனுக்கு அது பிழைப்பு.

அப்புறம் அந்தப் பேரணி. வருடா வருடம் ஜூன் 26, போதை ஒழிப்பு தினம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பதாகை பிடிக்க வைத்து வெயிலில் நடத்துவீர்கள், நான் வண்டியை ஓரம் கட்டிக் காத்திருப்பேன். 'போதை இல்லா உலகம் படைப்போம்' என்று பதினாலு வயதுப் பெண் கத்திக்கொண்டு போகிறாள். தப்பில்லை, நடத்துங்கள். ஆனால் அந்த வரிசையில் இல்லாத பிள்ளை யார், ஏன் இல்லை என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? எனக்குத் தெரிந்து அந்த நேரத்தில் அவன் என் வண்டியில் இருந்தான்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மாதம் ஒரு நாள், ஒரு மாதம் கடலூரில், அடுத்த மாதம் பாண்டியில், ஒரே அறையில் உட்காருங்கள். இரண்டு பக்கத்துக் குழந்தைகள் நலக் காவல் அலுவலர்கள், இரண்டு பக்கத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், நலக் குழுக்கள், கல்வித்துறையிலிருந்து ஒருவர், கலால், மதுவிலக்கு, பெரிய ஆஸ்பத்திரிகளின் சமூகப் பணியாளர்கள். ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்காதீர்கள், கணக்குத் தீர்க்காத பையனுக்குக் கையில் கத்திக் கீறல் விழுந்தால் முதலில் பார்ப்பது தையல் போடுகிற நர்ஸ்தான். அறையில் கூட்டக் குறிப்பு, பூங்கொத்து, பொன்னாடை எதுவும் வேண்டாம். அந்த மாதம் பிடிபட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு கேள்வி: பையைக் கொடுத்தது யார்? படிவம் 1இல் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தால், எழுதியவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று அறையில் சொல்லட்டும். எத்தனை பாட்டில், எத்தனை கிலோ பிடித்தோம் என்று மாதா மாதம் மேசை மேல் அடுக்கிப் போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள் இல்லையா, பக்கத்தில் இன்னொரு எண்ணும் போடுங்கள்: 78ஆவது பிரிவில் எத்தனை பேர் மேல் வழக்கு. அந்த எண் பூச்சியமாக இருந்தாலும் போடுங்கள். பூச்சியத்தை ஆறு மாதம் தொடர்ந்து போட யாருக்கும் கை வராது.

வாய் திறக்கிற பையனுக்கு என்ன பாதுகாப்பு என்பதை மட்டும் நிதானமாக உட்கார்ந்து யோசியுங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. பெயர் சொன்ன மறுநாள் அதே தெருவில் அதே பைக் வந்து நிற்கும். அக்காவுக்கு வீடு மாற்ற வசதியில்லை. கொஞ்ச நாள் வேறு ஊரில் தங்கிப் படிக்க ஏற்பாடு, வாரம் ஒரு தடவை வந்து பார்க்கிற ஒரு ஆள், அந்தக் கடன் கடனே இல்லை என்று அந்த அண்ணனுக்குப் புரிகிற மாதிரி சீருடையில் ஒருவர் சொல்லிவிட்டு வருவது. கடைசியாகச் சொன்னதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்று எனக்கு அக்கறையில்லை, ஒரு நல்ல ஏட்டுக்கு அதை எப்படிச் செய்வதென்று தெரியும்.

எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டக்டர், ஆட்டோக்காரர், பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்கிற அம்மா, செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர், எங்களுக்கு எல்லாம் தெரியும். சொன்னால் நாளைக்கு நம்மைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள், டூட்டி போகும், வண்டிக் கண்ணாடி உடையும் என்றுதான் பேசாமல் இருக்கிறோம். பெயர் கேட்காமல் கேட்டுக்கொள்கிற ஒரு ஆள், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு நம்பர், எந்த லிமிட் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாது.

பையனுக்கு அடுத்த வாய்தா இந்த மாதக் கடைசியில். அக்காவும் அவனும் என் வண்டியில்தான் வருவார்கள், போன தடவையும் அப்படித்தான் வந்தார்கள், அவன் கையில் ஒன்றுமே இல்லாமல் ஏறிவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். அந்த இடதுபக்க ஜன்னல் சீட்டில் இப்போது வேறொரு பையன் உட்காருகிறான். இவனைவிடச் சின்னவன், பை புதிது. மதியம் இரண்டு மணி சுமாருக்குப் பாண்டியில் எடுக்கிற டிரிப். உங்களில் யாராவது மஃப்டியில் ஏறிப் பார்க்க விரும்பினால் பின்படியில் ஏறுங்கள், டிக்கெட் மட்டும் எடுத்துவிடுங்கள், செக்கிங் ஆள் ஏறினால் எனக்குத்தான் மெமோ.

இப்படிக்கு,
கடலூர் – புதுச்சேரி தடத்து நடத்துனர் ஒருவர்